1949 மே 24: தோற்றுப்போன திருத்தங்கள்

நீதிபதிகளை மூத்த நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறை பற்றிய சண்டை கிளம்பும்போதெல்லாம் எல்லாத் தரப்பும் அம்பேத்கரைத்தான் துணைக்கு அழைக்கிறது. தலைமை நீதிபதியும் நம்மைப் போன்ற ஒரு மனிதர்தான், அவருக்கும் விருப்பு வெறுப்புகள் உண்டு என்று அரசியல் நிர்ணய சபையில் அவர் சொன்ன வரியை எடுத்துப் போட்டுவிட்டால் விவாதம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த வரி உண்மையானதுதான். ஆனால் அதை யாருக்குப் பதிலாகச் சொன்னார், அன்று சபையில் வேறு என்னென்ன கேட்கப்பட்டது, அதே வாரத்தில் நீதிபதிகளைப் பற்றி அவர் சொன்ன இன்னொரு பதில் என்ன ஆனது என்பதையெல்லாம் யாரும் பேசக் காணோம். எனக்கு அந்த இரண்டாவது பதில்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கென்று ஓர் உச்ச நீதிமன்றம் வேண்டும் என்ற பேச்சு 1949இல் திடீரென்று வந்ததல்ல. 1921 மார்ச்சிலேயே மத்திய சட்டசபையில் ஹரி சிங் கௌர் அதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி வாசல் லண்டனில் டவுனிங் தெருவில் இருந்த பிரிவி கவுன்சில். தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் வீட்டுத் தத்து வழக்கானாலும் சரி, வங்காளத்து ஜமீன் தகராறானாலும் சரி, கட்டுக்கட்டாகக் காகிதங்கள் கப்பலேற வேண்டும், அங்கே நம் மண்ணைப் பார்த்தே இராத பிரபுக்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். 1925இல் கௌர் மறுபடியும் முயன்றபோது ஜின்னா அவருக்கு ஆதரவாகப் பேசினார், இந்துச் சட்டத்தையும் முகமதியச் சட்டத்தையும் பிரிவி கவுன்சில் பலமுறை கொன்றே போட்டிருக்கிறது என்கிற அளவுக்குக் கடுமையாக. தீர்மானம் நிறைவேறவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937 அக்டோபர் 1 அன்று ஃபெடரல் கோர்ட் வந்தது, சர் மாரிஸ் குவையர் அதன் முதல் தலைமை நீதிபதி. ஆனால் அதற்கு மேலேயும் பிரிவி கவுன்சில் இருந்தது. அந்தக் கடைசிக் கயிறு அறுந்தது 1949 அக்டோபர் 10இல்தான், அதாவது சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து.

அதற்கு முன்பே, 1947 மே மாதத்தில், உச்ச நீதிமன்றம் எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அரசியல் நிர்ணய சபைக்கு அறிக்கை கொடுத்தது. எஸ். வரதாச்சாரியார், அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர், பி.எல். மித்தர், கே.எம். முன்ஷி, பி.என். ராவ். ஐவரில் வரதாச்சாரியாரும் அல்லாடியும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழில் பழகியவர்கள். நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவர் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். அதற்குப் பதிலாக 11 பேர் கொண்ட ஒரு குழு. அதில் சில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகள், நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலிருந்தும் சில உறுப்பினர்கள், அரசின் சட்ட அதிகாரிகள் சிலர். இந்தக் குழு பெயர்களைப் பரிந்துரைக்கலாம், இல்லையென்றால் குடியரசுத் தலைவர் முன்மொழியும் பெயரை 11இல் குறைந்தது ஏழு பேர் ஏற்க வேண்டும். 2014இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைப் புத்தம்புதுசான யோசனை என்று பேசியவர்கள் இந்த அறிக்கையைப் படித்திருக்க வேண்டும். யோசனை 67 வருஷம் பழசு. ஆனால் வரைவு அரசமைப்பு வந்தபோது இந்தக் குழு காணாமல் போயிருந்தது. குடியரசுத் தலைவர் நியமிப்பார், அதற்கு முன் நீதிபதிகளைக் கலந்தாலோசிப்பார், அவ்வளவுதான்.

சரி, மே 24க்கு வருவோம். டெல்லி வெயிலுக்காகக் காலை 8 மணிக்கே சபை கூடிவிடுகிறது. நாற்காலியில் ராஜேந்திர பிரசாத். எடுத்துக்கொள்ளப்படுவது வரைவின் 103ஆவது பிரிவு, இன்றைய 124. அதன் மேல் வரிசையாகத் திருத்தங்கள் வந்து விழுகின்றன. ஷிப்பன் லால் சக்சேனா, தலைமை நீதிபதி நியமனத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் உறுதிசெய்ய வேண்டும் என்கிறார். கே.டி. ஷா, மாநிலங்களவையையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறார். சென்னை மாகாணத்திலிருந்து வந்த இரண்டு முஸ்லிம் உறுப்பினர்கள், மலபாரின் பி. போக்கர் சாகிபும் மெகபூப் அலி பெய்க்கும், இந்தியத் தலைமை நீதிபதியின் இசைவு இல்லாமல் யாரையும் நீதிபதியாக்கக் கூடாது என்கிறார்கள். கலந்து பேசினால் போதாது, அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது ஏதோ இரண்டு உறுப்பினர்களின் சொந்த ஆசை இல்லை. 1948 மார்ச்சில் ஃபெடரல் கோர்ட் நீதிபதிகளும் எல்லா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளும் கூடிப் பேசி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார்கள். தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்பது அதில் இருந்த கோரிக்கை. நீதிபதிகளால் சபைக்கு வந்து பேச முடியாது. அவர்கள் எழுதியதைச் சபையில் எடுத்துப் பேச ஆள் வேண்டியிருந்தது, பேசியவர்கள் சபையில் பலமே இல்லாத ஒரு சிறு அணியைச் சேர்ந்தவர்கள். போக்கர் சாகிபின் பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் வழக்கறிஞராக இருந்தவர், நீதிபதி நியமனத்தில் கட்சி அரசியல் நுழைந்தால் கோர்ட்டுக்குள் என்ன நடக்கும் என்று கிட்ட இருந்து தெரிந்தவருடைய கவலை அந்தப் பேச்சில் இருக்கிறது.

அன்று நேருவும் பேசினார். ஓய்வு வயது பற்றிய பேச்சுதான், ஆனால் அதற்குள் ஒரு விஷயத்தைச் சொன்னார்: நீதிபதிகள் முதல்தரமானவர்களாக இருந்தால் மட்டும் போதாது, முதல்தரமானவர்கள் என்று நாடே ஒப்புக்கொள்கிறவர்களாக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் அரசாங்கத்தையே எதிர்த்து நிற்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும். பிரதமர் நாற்காலியில் இருந்துகொண்டு இதைச் சொல்லியிருக்கிறார். எச்.வி. காமத் கொண்டுவந்த ஒரு திருத்தம் ஏற்கப்பட்டது. வழக்கறிஞராகவோ உயர் நீதிமன்ற நீதிபதியாகவோ இல்லாத தலைசிறந்த சட்ட அறிஞரையும் உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கலாம் என்பது அது. அரசமைப்பில் இன்றும் இருக்கிறது. அந்த வழியில் இதுவரை ஒருவர்கூட உள்ளே வரவில்லை, ஒரு நல்ல சட்டப் பேராசிரியர்கூடவா இத்தனை வருஷத்தில் கிடைக்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

கடைசியில் அம்பேத்கர் எழுந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார். நீதித்துறை நிர்வாகத்திடமிருந்து விலகிச் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதில் இந்தச் சபையில் இரண்டு கருத்து இல்லை என்று தொடங்குகிறார். பிரிட்டனில் மன்னர் பெயரில் அரசாங்கமே நியமிக்கிறது, அமெரிக்காவில் செனட் சம்மதிக்க வேண்டும். முதலாவது நம் நிலைமைக்கு ஆபத்து. இரண்டாவதில் இழுபறியும் அரசியல் நெருக்கடியும் வரும். நாம் நடுவழியில் போகிறோம் என்கிறார். அப்புறம் போக்கர் சாகிபுக்கும் பெய்க்குக்குமான பதில், அந்தப் புகழ்பெற்ற பகுதி. தலைமை நீதிபதி மிகச் சிறந்தவர் என்பதில் சந்தேகமில்லை, ஆனாலும் சாதாரண மனிதர்களுக்கு உள்ள பலவீனங்களும் உணர்ச்சிகளும் சாய்வுகளும் அவருக்கும் உண்டு. குடியரசுத் தலைவருக்கும் அரசாங்கத்துக்குமே நாம் கொடுக்கத் தயாராக இல்லாத அதிகாரத்தை அவர் ஒருவர் கையில் கொடுப்பது ஆபத்தான யோசனை. திருத்தங்கள் தோற்றன.

இந்த இடத்தில் நான் முழுக்க அம்பேத்கர் பக்கம். ஒருவருக்கு வீட்டோ கொடுப்பது தவறு, அவர் எந்தப் பதவியில் இருந்தாலும்.

ஆனால் அன்று தோற்ற திருத்தம் 44 வருஷம் கழித்து ஜெயித்துவிட்டது, அதுவும் நாடாளுமன்றத்தில் இல்லை, நீதிமன்றத்தில். 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே கலந்தாலோசிப்பது என்றால் இசைவு என்று பொருளல்ல என்று சொல்லியிருந்தது. 1993 அக்டோபர் 6 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை, அவர் மூத்த சக நீதிபதிகளோடு சேர்ந்து முடிவெடுப்பார் என்றது. அந்த அமர்வில் நம்ம திருநெல்வேலிக்காரர் எஸ். ரத்தினவேல் பாண்டியனும் இருந்தார். தனியாக எழுதிய தீர்ப்பில் உயர் நீதிமன்றங்களில் பிற்படுத்தப்பட்டோரும் தாழ்த்தப்பட்டோரும் பெண்களும் எத்தனை குறைவு என்று கணக்கோடு காட்டினார், அந்தப் பகுதி இன்றைக்கும் படிக்க வேண்டியது. 1998இல் அந்தக் கூட்டு முடிவு தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் என்று உருப்பெற்றது. இதுதான் கொலீஜியம். 1993 வழக்கில் வென்ற தரப்புக்காக வாதாடிய ஃபாலி நரிமனே, ஜெயித்த அந்த வழக்கில் தோற்றிருக்கலாம் என்று பின்னாளில் எழுதினார்.

2015 அக்டோபரில் நியமன ஆணையச் சட்டம் 4க்கு 1 என்ற கணக்கில் செல்லாது என்று ஆனது, நீதிபதி செலமேஸ்வர் மட்டும் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். ஆணையத்தில் சட்ட அமைச்சருக்கு இடம் கொடுத்ததும், இரண்டு பேர் சேர்ந்தால் எந்தப் பெயரையும் தடுத்துவிடலாம் என்று வைத்ததும் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் இதற்கு விடை மூடிய அறைக்குள் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. வரதாச்சாரியாரும் அல்லாடியும் கையெழுத்திட்ட அந்த 11 பேர் யோசனையைத் தூசி தட்டி எடுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதில் ஆளுங்கட்சிக்கும் பெரும்பான்மை கிடையாது, நீதிபதிகளுக்கும் கிடையாது என்கிற மாதிரி அமைக்க முடியும்.

சரி, இப்போது அந்த இரண்டாவது பதில்.

அதே வாரத்தில் கே.டி. ஷா இன்னொரு யோசனையையும் கொண்டுவந்தார். ஒருமுறை உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர் அதன் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசுகளிலோ எந்த நிர்வாகப் பதவியும் ஏற்கக் கூடாது. ஆளுநர், தூதர் எதுவும் வேண்டாம். நீதிபதியாக உட்கார்ந்திருக்கும்போதே நாளைக்கு அரசாங்கம் ஏதாவது கொடுக்கும் என்ற நினைப்பு மனத்தில் வரக் கூடாது என்பதுதான் காரணம். ஷா பொருளாதாரப் பேராசிரியர், அந்தச் சபையில் அவர் கொண்டுவந்த திருத்தங்கள் ஏராளம், அநேகமாக எல்லாமே தோற்றன. அவர் எழுந்தாலே இதோ இன்னொன்று என்று சலித்துக்கொள்ளும் தொனி அந்தப் பக்கங்களில் சில இடங்களில் தெரியும். இந்தத் திருத்தமும் தோற்றது.

அம்பேத்கர் சொன்ன காரணம் இது. நீதித்துறை தீர்த்துவைக்கும் வழக்குகளில் அரசாங்கத்துக்கு அக்கறை மிகக் குறைவு, பெரும்பாலும் இல்லவே இல்லை. குடிமக்களுக்குள் நடக்கும் வழக்குகளைத்தான் நீதிபதிகள் விசாரிக்கிறார்கள், குடிமகனுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு அபூர்வம். ஆகவே அரசாங்கம் நீதிபதியின் போக்கை மாற்றப் பார்க்கும் வாய்ப்பு வெகு தொலைவு.

1949 வரைக்கும் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. அன்றைய கோர்ட்டுகளில் பாகப்பிரிவினை, அடமானம், கடன்பத்திரம், கொலை வழக்கு, இவைதான் அதிகம். அடிப்படை உரிமை என்ற ஒன்று அப்போது சட்டத்தில் இல்லை. ஆனால் அதே மனிதர்தான் 1948 டிசம்பரில், குடிமகன் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வழிசெய்யும் பிரிவை, இன்றைய 32ஐ, அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்றார். அந்தக் கதவு திறந்துவிட்டால் எதிரில் நிற்கப்போவது அரசாங்கம்தானே? ஒரு கையால் குடிமகனுக்கு அரசை எதிர்த்து வழக்குப் போடும் உரிமையைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் அப்படிப்பட்ட வழக்கு அபூர்வம் என்று எழுதிவைத்தது அந்தச் சபை. அம்பேத்கர் மேல் எனக்குள்ள மரியாதை எள்ளளவும் குறையாமல்தான் சொல்கிறேன், இந்த ஒரு கணிப்பு தவறிவிட்டது. தவற வெகுகாலமும் ஆகவில்லை.

உச்ச நீதிமன்றம் 1950 ஜனவரி 28 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் இருந்த இளவரசர் மன்றத்தில் தொடங்கியது. ஹரிலால் கனியா தலைமை நீதிபதி, அவரையும் சேர்த்து ஆறே பேர். 2019இல் அது 34 இடங்கள் ஆனது. அந்த ஆறு பேர் முன்னால் வந்த முதல் பெரிய வழக்குகளைப் பாருங்கள், எதிரில் நிற்பது நம் மெட்ராஸ் அரசாங்கம்தான். தடுப்புக் காவல் சட்டத்தில் சிறை வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் போட்ட வழக்கு, 1950 மே 19 அன்று தீர்ப்பு, அரசு ஜெயித்தது. 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்கு மாகாணத்துக்குள் தடை போட்டதை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் போட்ட வழக்கு, அதே மாதம் 26, அரசு தோற்றது. மெட்ராஸ்காரரான பதஞ்சலி சாஸ்திரிதான் அந்தத் தீர்ப்பை எழுதினார். 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கு, வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்து, தமிழ்நாடே கொதித்து, ஜூன் மாதத்தில் அரசமைப்பின் முதல் திருத்தமே வந்துவிட்டது. இவற்றில் எது குடிமக்களுக்குள் நடந்த வழக்கு? அரசாங்கத்துக்கு அக்கறை இல்லாதது எது? சபை அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இன்றைக்கு நாட்டிலேயே மிகப் பெரிய வழக்காடி அரசுதான்.

பதவி கொடுப்பதும் உடனே தொடங்கிவிட்டது. அந்த முதல் ஆறு பேரில் ஒருவரான பசல் அலி 1952இல் ஒரிசாவின் ஆளுநர் ஆனார். மாநிலங்களைப் பிரித்த பசல் அலி கமிஷன் என்று நாம் படித்தோமே, தென் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களை நம்மோடு சேர்க்கலாம் என்று சொன்ன கமிஷன், அதன் தலைவர் அவர்தான். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. கோபாலன் வழக்கில் அரசுக்கு எதிராக அவர் எழுதிய மாற்றுத் தீர்ப்பு பின்னாளில் சட்டமாகவே ஆனது. ஆனால் விஷயம் அவர் நல்லவரா என்பது இல்லை. நல்லவர் ஒருவர் போன வழியில் அடுத்து யார் போவார் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இந்த ஓட்டை அப்போதே கண்ணில் பட்டுவிட்டது. எம்.சி. செடல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958இல் தன் 14ஆவது அறிக்கையில், ஓய்வுபெற்ற நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்பதைத் தடைசெய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதியது. அந்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்த எம்.சி. சாக்லா, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, அதே 1958இல் அமெரிக்காவுக்கு இந்தியத் தூதர் ஆனார்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஓய்வுக்கு முன் எழுதும் தீர்ப்புகளில் ஓய்வுக்குப் பின் கிடைக்கும் பதவியின் ஆசை படிகிறது என்று 2012இல் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது அருண் ஜெட்லி சொன்னார். 2014இல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது, அதே ஆண்டு முன்னாள் தலைமை நீதிபதி சதாசிவம் கேரள ஆளுநர் ஆனார். 2020இல் ரஞ்சன் கோகோய் ஓய்வுபெற்று நான்கு மாதத்தில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2023இல் அப்துல் நசீர் ஆந்திர ஆளுநர். இவர்களில் யாரும் தீர்ப்பை விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்வதற்கு என்னிடம் ஆதாரமும் கிடையாது. ஷா கேட்டதும் அதுவல்ல. வழக்கில் தோற்றவன் வெளியே வந்து, அவருக்கு அடுத்த மாதம் என்ன கிடைக்கப் போகிறது என்று யோசிக்கிற நிலைமையே வரக் கூடாது என்றுதான் அவர் கேட்டார்.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்று. மாதிரி வேண்டுமென்றால் அரசமைப்புக்குள்ளேயே இருக்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி விலகிய பின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு எந்தப் பதவியும் வகிக்க முடியாது, 148ஆவது பிரிவு. யுபிஎஸ்சி தலைவருக்கும் அதே தடை, 319ஆவது பிரிவு. அதே சபைதான் இவற்றையும் எழுதியது. அரசின் கணக்கைப் பார்ப்பவருக்கும் அரசு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கும் தேவைப்பட்ட தடை, அரசின் சட்டத்தையே செல்லாது என்று சொல்லக் கூடியவருக்குத் தேவைப்படவில்லை. நீதிபதிக்கு இருக்கும் ஒரே தடை, ஓய்வுக்குப் பின் எந்தக் கோர்ட்டிலும் வாதாடக் கூடாது என்பது. கோர்ட்டில் வாதாடினால் கெட்டுவிடும், ஆளுநர் மாளிகையில் உட்கார்ந்தால் கெடாது என்றால் என்ன கணக்கு?

தடைபோட்டால் தீர்ப்பாயங்களுக்கு யார் போவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மனித உரிமை ஆணையம், பசுமைத் தீர்ப்பாயம், லோக்பால் என்று பல அமைப்புகளின் சட்டங்கள் ஓய்வுபெற்ற நீதிபதிகளை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. இவை நீதி வழங்கும் வேலைகள் அல்லது அதற்கு ஒட்டிய வேலைகள். இவற்றுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது அரசின் கையில் இல்லாமல், சம்பளமும் காலமும் முன்கூட்டியே நிலையாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆளுநர் பதவிக்கும் தூதர் பதவிக்கும் நியமன எம்.பி. பதவிக்கும் நீதிபதிதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவற்றை மட்டுமாவது முழுக்க மூடிவிடலாம். அதற்கு ஈடாக, வாங்கிய கடைசிச் சம்பளத்தையே முழு ஓய்வூதியமாகக் கொடுத்துவிடுங்கள், அரசின் கஜானாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஷாவின் திருத்தத்தை நாடாளுமன்றம் இன்றைக்கு நினைத்தாலும் கொண்டுவரலாம், நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்வதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தாலும் செய்யவில்லை, கொடுப்பதற்குக் கையில் பதவி இருப்பது எல்லோருக்கும் வசதியாகத்தான் இருக்கிறது. இதைத் தேர்தல் அறிக்கையில் எழுதச் சொல்லி நம் எம்.பி.க்களிடம் கேட்கலாம். நான் என் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் எட்டாம் தொகுதியில் இதெல்லாம் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மே 27ஆம் தேதி விவாதத்தையும் விட்டுவிடாதீர்கள். உச்ச நீதிமன்றம் டெல்லியில் மட்டும்தான் அமர வேண்டுமா என்ற கேள்வி அன்று வந்தது, வேறு ஊர்களிலும் அமரலாம் என்ற வழி 130ஆவது பிரிவில் திறந்தே இருக்கிறது. 2009இல் சட்ட ஆணையம் நான்கு திசையிலும் மேல்முறையீட்டு அமர்வுகள் வேண்டும் என்று சொன்னபோது தெற்குக்குச் சென்னை அல்லது ஹைதராபாத் என்றது. ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் ஒரு நில வழக்குக்காக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலேற வேண்டியிருப்பதைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.